கடல் இல்லாத ஊரின் நீச்சல்காரர்கள்

தேனி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. மேற்கே மலை, தெற்கே மலை, வடக்கே பார்த்தால் கொடைக்கானல் மலை. மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று 240 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால்தான் ராமேஸ்வரத்தின் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். அந்தத் தேனியிலிருந்து போன பத்து வயதுச் சிறுவன் ஜெய் ஜஸ்வந்த், 2019 மார்ச் 28 அன்று இலங்கையின் தலைமன்னார்க் கரையில் தண்ணீருக்குள் இறங்கி, பத்தரை மணி நேரத்தில் பாக் நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் ஏறினார். மூன்று வருடம் கழித்து அதே மார்ச் மாதத்தில், அதே ஊரைச் சேர்ந்த 14 வயது சினேகன் அந்தக் கடலைப் போகவும் வரவுமாக நீந்தி முடித்தார். 56 கிலோமீட்டர், 19 மணி 45 நிமிடம்.

இந்தக் கடலை நீந்தியவர்களின் பட்டியல் பழையது. 1954 மார்ச்சில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடியக்கரையில் ஏறினார். அவருக்கு 27 மணி நேரம் ஆனது. 1966 ஏப்ரலில் வங்காளத்து மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். 1971-இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் போய்த் திரும்ப 51 மணி நேரம் தண்ணீரிலேயே இருந்தார். 1994-இல் நம் குற்றாலீஸ்வரன் 12 வயதில் ஒருவழி மட்டும் நீந்தினார், 16 மணி நேரம். 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர இருவழியையும் 28 மணி 19 நிமிடத்தில் முடித்தார். அதைத்தான் மறு வருடமே சினேகன் தாண்டினார்.

வியந்துவிட்டு நகரும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைமன்னார் முதல் தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 28 முதல் 30 கிலோமீட்டர். பத்தரை மணி நேரம் என்றால் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கீழே. சினேகனின் வேகமும் ஏறக்குறைய அதேதான். நாம் கடைக்கு நடக்கிற வேகத்தைவிட இது குறைவு. ஆச்சரியம் வேகத்தில் கிடையாது, அந்த வேகம் பத்து மணி நேரம் குறையாமல் நின்றதில் இருக்கிறது. நிமிடத்துக்கு 60 கைவீச்சு என்று வைத்துக்கொண்டால் பத்தரை மணி நேரத்தில் 37,800 வீச்சு. அத்தனையும் ஒன்றுபோல விழ வேண்டும். இதைச் செய்யும் பிள்ளைக்குத் துணிச்சல் இருந்தது என்று பத்திரிகைகள் எழுதும். இருந்திருக்கலாம். ஆனால் துணிச்சல் அரை மணி நேரத்துக்குத்தான் வரும். மீதி நேரம் முழுக்க ஓடுவது பழக்கம். உடம்பு எதற்கெல்லாம் பழகும், மனசு எதற்கெல்லாம் பழகும், எதற்குப் பழகவே கூடாது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கம்பம் பள்ளத்தாக்கில் நீச்சல் பழகும் இடம் தோட்டத்துக் கிணறு. சுருளிப்பட்டியிலும் கூடலூரிலும் சின்னமனூரிலும் திராட்சைப் பந்தலுக்குப் பக்கத்தில், வாழைத் தோப்புக்கு நடுவில், கல்படி வைத்துக் கட்டிய பெரிய கிணறுகள் இருக்கும். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகள் அங்கேதான் கிடப்பார்கள். ஒரு காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கினார்கள். பிறகு லாரி டியூப் வந்தது. இப்போது மூடி இறுக்கிய பிளாஸ்டிக் கேன். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மாமா கையிலோ சித்தப்பா கையிலோ. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கயிற்றைத் தளர்த்திவிடுவார். பையன் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்து, கையைக் காலை உதறி, கல்படியைப் பிடித்துவிட்டால் நீச்சல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தப் பள்ளிக்கூடத்தை நீச்சல் குளத்துப் பயிற்சியாளர்கள் சிலர் மட்டமாகப் பேசுவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அடி தெரியாத ஆழம், கலங்கல் தண்ணீர், மேலேயிருந்து விழும் அதிர்ச்சி, எவனாவது தலையை அமுக்கும் தொல்லை என எல்லாவற்றையும் கிணற்றுப் பிள்ளை பத்து வயதுக்குள் பார்த்துவிடும். இதற்கு உடலியலில் கணக்கே உண்டு. குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் நம்மை அறியாமல் மூச்சு ஒருமுறை பலமாக இழுக்கும், பிறகு கட்டுக்கடங்காமல் இரைக்கும், இதயம் படபடக்கும். முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும். அந்த முதல் இழுப்பு தண்ணீருக்கடியில் நடந்தால் கதை முடிந்தது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் பல வருடம் இதை ஆராய்ந்தார். மூன்று மூன்று நிமிடமாக ஐந்தாறு முறை குளிர்நீரில் இறங்கி ஏறினாலே இந்த அதிர்ச்சி பாதியளவு குறைகிறது. அந்தப் பழக்கத்தில் ஒரு பகுதி மாதக்கணக்கில் உடம்பில் தங்குகிறது. தேனிக் கிணறு இங்கிலாந்துக் கடல் மாதிரி குளிராதுதான். ஆனாலும் விழுந்ததும் பதறாமல் மூச்சைப் பிடித்து வைக்கும் வித்தை அங்கேதான் படிகிறது.

கிணறு சொல்லித்தராத பாடம் நேர்கோடு. பத்து மீட்டர் வட்டத்துக்குள் எவ்வளவு நீந்தினாலும் அது சுற்றல்தான். அதைவிடப் பெரிய குறை, கிணற்றுப் பிள்ளைகள் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்தும். தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல 800 மடங்கு. தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். உடம்பு சாய்ந்து, முழு நெஞ்சும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும், அதைச் சமாளிக்கச் செலவாகும் சக்தி மும்மடிக்கு ஏற்ப ஏறும். அதாவது, பத்து சதவீதம் கூடுதல் வேகத்துக்கு 33 சதவீதம் கூடுதல் சக்தி கேட்கும். எனவே குளத்துக்கு வரும் புதுப்பையனிடம் கோச் முதல் இரண்டு மாதம் வேகத்தைப் பற்றிப் பேசவே கூடாது. முகம் தண்ணீருக்குள், பார்வை தரையில் ஓடும் கறுப்புக் கோட்டில், மூச்சை வாயாலும் மூக்காலும் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டு, உடம்போடு சேர்ந்து தலை பக்கவாட்டில் திரும்பும்போது இழுப்பது. இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யவைக்க வேண்டும். மூச்சை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, தலை திரும்பிய அரை நொடியில் விட்டு இழுக்கப் பார்ப்பவன் 50 மீட்டரிலேயே இரைப்பான். அவனுக்குக் காற்று பத்தவில்லை என்று தோன்றும். உண்மையில் பழைய காற்று வெளியே போகவில்லை.

தேனி மாவட்ட விளையாட்டு அரங்க வளாகத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. 30 கிலோமீட்டரை 25 மீட்டர் குளத்தில் நீந்துவதென்றால் 1,200 முறை சுவரைத் தொட வேண்டும். 50 மீட்டர் குளம் என்றால் 600 முறை. கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் லேப் அடிப்பது பிள்ளைகளுக்குச் சலிப்பான வேலை. அந்தச் சலிப்பும் பயிற்சியில் சேர்த்தி. பிறகு வருகிறேன் அதற்கு.

இங்கே ஓர் எச்சரிக்கையை நிதானமாகச் சொல்லியாக வேண்டும். கிணற்றில் எல்லாப் பிள்ளைகளும் ஆடும் ஆட்டம் முங்கு போட்டி. யார் அதிக நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்று மேலே நிற்பவர்கள் சத்தமாக எண்ணுவார்கள். கெட்டிக்காரப் பையன் ஒரு தந்திரம் கண்டுபிடித்து வைத்திருப்பான்: முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு இழுத்து விடுவான். அப்படிச் செய்தால் அதிக நேரம் இருக்க முடிகிறது என்பது உண்மை. காரணம் அவன் நினைப்பது அல்ல. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைத் தருவது ஆக்சிஜன் குறைவு கிடையாது. ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. வேகமாக மூச்சு விடும்போது அந்த வாயு ரத்தத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. ஆக்சிஜனோ முன்பிருந்ததைவிடப் பெரிதாகக் கூடுவதில்லை, ஏனென்றால் ரத்தம் ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பித்தான் இருக்கிறது. விளைவு, மேலே வா என்று அலாரம் அடிக்க வேண்டிய வாயு சேர்வதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து மூளை அணைந்துவிடும். மூச்சு முட்டாது, தவிப்பு இருக்காது, கை ஆட்டிக் கூப்பிட நேரம் இருக்காது. மேலே இருப்பவர்கள் இன்னும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளும் பெரியவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள். உடம்பு எதற்குப் பழகவே கூடாது என்று கேட்டேன் அல்லவா, முதல் பதில் இது. குளத்திலும் மூச்சுப் பிடிக்கும் பயிற்சியைத் தனியாகச் செய்யக் கூடாது. கரையில் ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முங்குவதற்கு முன் இயல்பான ஒரே மூச்சு போதும்.

இரண்டாவது பதில், ஆறு. லோயர் கேம்ப்பிலிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வரும் முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் அதன் குணமே வேறு. ஓடும் தண்ணீரின் தள்ளு வேகத்தின் இருமடி. ஆற்றின் வேகம் இரட்டித்தால் காலில் விழும் தள்ளு நான்கு மடங்கு. குளத்தில் மாவட்ட மெடல் வாங்கிய பிள்ளைக்கும் அந்தக் கணக்கு மாறாது.

இனி, வளரும் உடம்பு. சிறுவர்களைச் சின்ன சைஸ் பெரியவர்கள் என்று நினைத்துப் பயிற்சி கொடுப்பது நம் ஊரில் சாதாரணம். 2018-இல் பிரான்சில் அந்தோனி பிரா, செபாஸ்டியன் ராத்தெல் குழுவினர் 8 முதல் 12 வயதுச் சிறுவர்களையும், பயிற்சி இல்லாத இளைஞர்களையும், தேசிய அளவில் போட்டியிடும் நெடுந்தூர விளையாட்டு வீரர்களையும் சைக்கிள் மிதிக்கவைத்து அளந்தார்கள். சிறுவர்கள் பயிற்சியற்ற இளைஞர்களைவிட மெதுவாகக் களைத்தார்கள். இளைப்பாறுவதில் அந்த வீரர்களுக்குச் சமமாக, சில அளவுகளில் அவர்களையும் மிஞ்சி நின்றார்கள். ஆக்சிஜனோடு சேர்த்து எரிபொருளை எரிக்கும் வழியைத்தான் சிறுவர்களின் தசை அதிகம் நம்புகிறது. ஆக்சிஜன் இல்லாமல் வெடித்துக் கிளம்பும் வழி பருவம் அடைந்த பிறகுதான் வளர்கிறது. பத்து வயதில் 50 மீட்டர் ஓட்டத்தில் தோற்கும் பிள்ளையிடம் திறமை இல்லை என்று முடிவுகட்டுவது அவசரம் என்பது இதிலிருந்து தெரியும். அந்த வயதில் நீளமும் நுட்பமும்தான் சரியான பாடம்.

ஆனால் இந்தக் களைப்பறியாத் தன்மை ஒரு கண்ணி. மூச்சு தாங்குகிறதே என்று ஓட்டினால் தோள் தாங்காது. ஒரு காலைப் பயிற்சியில் 5,000 மீட்டர் நீந்தும் பிள்ளை, 50 மீட்டருக்கு 45 வீச்சு என்று கணக்கிட்டால், 4,500 முறை கையைச் சுழற்றுகிறது. எலும்பு வளரும் முனைகள் இன்னும் மூடாத வயது அது. தோளில் வலி என்று பிள்ளை சொன்னால் எண்ணெய் தேய்த்து மறுநாள் அனுப்பக் கூடாது. கைவீச்சின் நுட்பத்தைப் பார்க்க வேண்டும், தூரத்தைக் குறைக்க வேண்டும், வலி நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தூக்கமும் இதே கணக்கில் வரும். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். ராத்திரி பத்தரை வரை டியூஷன், வீட்டுப்பாடம். விடிகாலை ஐந்துக்குக் குளம். இந்த இரண்டையும் ஒரே பிள்ளைமேல் ஏற்றும் வீடுகளில் டைமிங் ஏன் இறங்கவில்லை என்று கோச்சைக் கேட்பதில் நியாயம் இல்லை.

மனசுக்கு வருவோம். முதல் மாவட்டப் போட்டி அன்று காலையில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். சாப்பாடு இறங்காது, நாலு தடவை பாத்ரூம், உள்ளங்கை வேர்வை, இதயம் காதில் கேட்கும். அம்மா "பயப்படாதப்பா, அமைதியா இரு" என்பார். சொல்வது பாசத்தில்தான், ஆனால் பலிக்காத மருந்து. ஓடத் தயாராகும் உடம்பும் பயந்த உடம்பும் உள்ளே ஒரே மாதிரிதான் இருக்கும்: அதே அட்ரினலின், அதே படபடப்பு. அதை அமைதிக்குக் கொண்டுவருவது மலையேற்றம். வேறு பெயர் வைப்பது சுலபம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், மேடைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் கணக்குத் தேர்வுக்கும் முன்னால் தங்களை அமைதிப்படுத்திக்கொள்ள முயன்றவர்களைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். "நெஞ்சு அடிக்குதா? நல்லது, உடம்பு ரெடி ஆயிடுச்சு" என்று ஒரு கோச் சொன்னால் போதும். அது பொய்யும் அல்ல.

அடுத்தது ஒழுங்கு. போட்டி நாளில் பிள்ளை எடுக்க வேண்டிய முடிவுகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது. முந்தின நாள் ராத்திரியே பையில் இரண்டு காகிள்ஸ், இரண்டு தொப்பி, இரண்டு துண்டு, மாற்று உடை, தண்ணீர் பாட்டில், வயதுச் சான்று நகல். புது காகிள்ஸ் போட்டி அன்று முதன்முதலாகப் போடக் கூடாது. பட்டை எவ்வளவு இறுக்கம் என்பது தலைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாட்டிலும் புதுசு வேண்டாம். வீட்டில் வழக்கமாகத் தின்னும் இட்லி, மூன்று மணி நேரம் முன்னால். ஒரு மணி நேரம் முன்னால் வாழைப்பழம். ஊர்க்காரர்கள் மதுரைக்குப் போட்டிக்குப் போனால் காலையிலேயே ஓட்டல் பரோட்டா வாங்கித் தருவதும் உண்டு. அன்பைக் காட்ட வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். குளத்துக்குப் போனதும் எந்தப் பக்கம் வெயில், தண்ணீர் எவ்வளவு ஆழம், சுவர் வழுக்குகிறதா, மல்லாந்து நீந்துபவர்களுக்குத் தலைக்குமேல் கொடிக்கயிறு எங்கே தொங்குகிறது, அங்கிருந்து சுவருக்கு எத்தனை வீச்சு என்று வார்ம் அப்பிலேயே எண்ணிவிட வேண்டும்.

எண்ணுவதைப் பற்றி ஒரு பிரபலமான நிகழ்ச்சி இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டி. குதித்ததுமே மைக்கேல் ஃபெல்ப்ஸின் காகிள்ஸுக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. கடைசி 50 மீட்டரில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. சுவர் எங்கே என்று பார்க்க முடியாமல், தன் வீச்சுகளை எண்ணிக்கொண்டே போய்த் தொட்டார். 1 நிமிடம் 52.03 வினாடி, உலக சாதனை. அவருடைய கோச் பாப் போமன் முன்பொரு போட்டியில் வேண்டுமென்றே அவர் காகிள்ஸை மிதித்துக் கீறிவிட்டு, தண்ணீர் புகுந்த கண்ணோடு நீந்த வைத்திருந்தார். ஒவ்வொரு ராத்திரியும் தூங்கும் முன், நன்றாக நடக்கும் போட்டியையும் சொதப்பும் போட்டியையும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

இப்படி மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதற்குப் பலன் உண்டா? 1983-இல் டெபோரா ஃபெல்ட்ஸும் டேனியல் லாண்டர்ஸும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட அது பலன் தருகிறது, நிஜப் பயிற்சிக்கு ஈடாகாது. நாம் எதிர்பார்க்கக்கூடிய விடைதான். ஆனால் செய்யும் விதத்தில் சூட்சுமம் இருக்கிறது. மெடல் வாங்கும் காட்சியைக் கண்ணை மூடிப் பார்ப்பது பகல்கனவு. கட்டையில் ஏறி நிற்கும் பாதத்தின் சொரசொரப்பு, விசில், குதித்ததும் காதில் அடைக்கும் சத்தம், டர்னில் குதிகால் சுவரில் படும் இடம் என்று உடம்பின் உள்ளேயிருந்து, நிஜ நேரத்தில் ஓட வேண்டும். 100 மீட்டரை ஒன்றரை நிமிடத்தில் நீந்தும் பிள்ளை மனசுக்குள்ளும் ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தால் பலர் நாற்பது விநாடியில் முடித்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் கஷ்டமான 50 மீட்டரைத் தாண்டிக் குதித்திருப்பார்கள்.

கடல், மேலே சொன்ன எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். பாக் நீரிணை நீச்சல்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் நடப்பது தற்செயல் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று காலத்தில் பாக் விரிகுடாத் தண்ணீர் மன்னார் வளைகுடாப் பக்கம் இழுக்கும். தென்மேற்குக் காலத்தில் எதிர்ப்பக்கம். இரண்டுக்கும் நடுவில் காற்று ஓயும் கொஞ்ச நாள்தான் நீச்சலுக்கு உகந்தது. அதற்குள்ளும் ஓதம் ஏறும் நேரம் இறங்கும் நேரம் பார்த்து இறங்க வேண்டும். மணிக்கு மூன்று கிலோமீட்டர் போகும் பிள்ளைக்கு எதிரே மணிக்கு ஒரு கிலோமீட்டர் நீரோட்டம் வந்தால் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. ராமேஸ்வரத்து மீனவர்கள் சொல்லும் நேரத்தை எந்த செயலியும் இன்னும் முழுதாக ஈடுகட்டவில்லை என்பது என் எண்ணம்.

தண்ணீரின் சூடு அந்த மாதத்தில் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். இதமானது என்று தோன்றும். ஆனால் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். உடம்போ 37 டிகிரி. தசை வேலை செய்யும்வரை ஈடுகட்டும். கை தளர்ந்து வேகம் குறைந்தால் சூடு இறங்க ஆரம்பிக்கும். 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு, 70 கிலோ ஆளோடு ஒப்பிட்டால், ஒரு கிலோ எடைக்குத் தோலின் பரப்பு சுமார் 40 சதவீதம் அதிகம். சூடு போக அத்தனை வாசல். அடித்து நொறுக்கிக்கொண்டு கிளம்புவதைவிட, குமுளி மலைப்பாதையில் சரக்கு லாரி ஏறுவதைப்போலக் கீழ் கியரில் ஒரே சீராகப் போவதுதான் கெட்டிக்காரத்தனம்.

தண்ணீருக்குள் இருப்பவருக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். கழுத்துவரை தண்ணீரில் இருக்கும்போது கை கால்களின் ரத்தம் நெஞ்சுக்குத் தள்ளப்படுகிறது. உடம்பில் திரவம் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்பாகக் கணக்குப் போட்டு, சிறுநீரகத்துக்கு வெளியேற்றச் சொல்லி உத்தரவு போடும். தாகமும் மழுங்கிவிடும். போதாததற்கு, வாய்க்குள் புகும் கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நாக்கு தடித்துப்போகும், விழுங்கினால் வாந்தி வரும். ஆகவே படகிலிருந்து அரை மணிக்கொரு தடவை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், கயிறு கட்டிய பாட்டிலில் சர்க்கரை கலந்த பானம் போடுவார்கள். வளர்ந்தவர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் போலக் கிடைக்கும். மிதந்தபடியே குடிக்க வேண்டும், படகைத் தொட்டால் நீச்சல் செல்லாது. ஒன்றுக்குப் போவதும் நீந்திக்கொண்டேதான். பயிற்சி நாட்களில் பிள்ளைகள் இதைச் சொன்னாலே சிரிப்பார்கள். கூச்சப்பட்டு அடக்கிக்கொள்ளும் பிள்ளை நான்காவது மணி நேரத்தில் வயிற்று வலியோடு வேகம் குறையும். சிரித்துப் பழகிவிடுவது நல்லது. அக்குளிலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் வாசலின் தடவாமல் இறங்கினால் ஆயிரமாயிரம் உரசலில் தோல் உரிந்துவிடும், அதன்மேல் உப்பு. சொறிமீன் பட்டு எரியும் இடத்தை மட்டும் தேய்க்கக் கூடாது.

அரை மணிக்கொரு பானம் வயிற்றுக்கு மட்டுமல்ல, தலைக்கும். அரிச்சல்முனை தெரியவே தெரியாது. மணிக்கணக்கில் பார்த்தாலும் அதே நீலம். கரையை நினைத்து நீந்துபவன் உடைந்துபோவான். அடுத்த பாட்டில்வரை நீந்துபவனுக்குத் தூரம் எப்போதும் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான். குளத்தில் 1,200 முறை சுவர் தொட்ட சலிப்பு இங்கேதான் கைகொடுக்கும். 1977-இல் வில்லியம் மார்கன், மைக்கேல் பொல்லாக் இருவரும் மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் விசாரித்தபோது, சாதாரண ஓட்டக்காரர்கள் வலியை மறக்க வேறு எதையாவது நினைப்பதாகவும், முதல்தர ஓட்டக்காரர்கள் தங்கள் மூச்சையும் காலையும் விடாமல் கவனிப்பதாகவும் தெரிந்தது. கடலில் பிள்ளைகளுக்கு இரண்டுமே தேவைப்படும்: இருபது வீச்சுக்குக் கையைக் கவனி, பிறகு ஒரு சினிமாப் பாட்டு, மறுபடி கை.

இங்கே என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. 1988-இல் இங்கிலாந்தின் தாமஸ் கிரெகரி 11 வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். பிறகு கால்வாய் நீச்சல் சங்கம் 16 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை என்று கதவைச் சாத்திவிட்டது. நீச்சலுக்கான உலக அமைப்பும் திறந்தநீர்ப் போட்டிகளுக்கு 14 வயது என்று வரம்பு வைத்திருக்கிறது. நம் பக்கம் இன்னமும் "இவ்வளவு சின்ன வயதில்" என்பதே செய்தியின் தலைப்பாகிறது. ஜஸ்வந்தின் நீச்சலில் எனக்குப் பிடித்தது அந்தச் சீரான வேகம். வயது எனக்குப் பிடித்த பகுதி இல்லை. வயதுச் சாதனை என்று ஒன்று இருக்கிறவரை, அடுத்த வருடம் எங்கோ ஒரு தகப்பன் ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தலைமன்னாருக்குக் கிளம்புவார். கரையில் ஸ்டாப் வாட்சோடு நிற்கும் பெற்றோரின் முகத்தைத்தான் பிள்ளை ஒவ்வொரு மூச்சிலும் பார்க்கிறது. குளத்திலேயே இதைக் கவனிக்கலாம்: டர்ன் முடிந்ததும் சில பிள்ளைகளின் தலை கேலரிப் பக்கம் திரும்பும். அந்தத் திருப்பலுக்கு அரை விநாடி போகும்.

ஆகவே எந்த நீளத்துக்கான நீச்சலானாலும், இறங்குவதற்கு முன் முடிவுசெய்ய வேண்டியது, யார் நிறுத்துவது என்பது. பிள்ளையிடம் கேட்கக் கூடாது; அது "முடியும்" என்றுதான் சொல்லும். பெற்றோரிடமும் விடக் கூடாது. படகில் இருக்கும் வேறொருவர், முடிந்தால் டாக்டர், முன்கூட்டியே எழுதி வைத்த விதிகளோடு இருக்க வேண்டும். அவர் கையில் ஒரு வாட்ச்சும் ஒரு தாளும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் முன்னால் நிமிடத்துக்கு எத்தனை வீச்சு என்று எண்ணி எழுதுவார். அறுபதில் இருந்தது ஐம்பதுக்கு இறங்கி, பானம் குடித்தும் ஏறவில்லை என்றால் தாளில் ஓர் எச்சரிக்கைக் கோடு. பிறகு ஒரு கேள்வி: உன் கிளாஸ் டீச்சர் பேர் என்ன, பன்னிரண்டும் ஏழும் எவ்வளவு, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட. பதில் குழறினாலோ, பதில் சரியாக இருந்தும் வர நேரமானாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கரை ஒரு கிலோமீட்டரில் தெரிந்தாலும் பிள்ளையைத் தூக்கிப் படகில் போட வேண்டியதுதான்.